மாங்கன்று என்று கேட்டால் மாங்கன்றுதான் கிடைக்கும்: பொதுப்பெயரிலிருந்து வர்க்கப் பெயர்வரை போகும் வழி

நேர்சரியில் போய் "ஒரு மாங்கன்று தாங்க" என்று கேட்டால் ஒரு மாங்கன்றைத் தருவார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, கேட்டதுதான் கைக்கு வந்திருக்கிறது. அது கறுத்தக்கொழும்பானா, விலாட்டா, அம்பலவியா, கொட்டையிலிருந்து முளைத்த ஏதோ ஒன்றா என்பது காய்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் சில வருடங்கள் போய்விடும். நெல்லில் காத்திருக்கும் காலம் குறைவு, ஆனால் நட்டம் உடனடி. மூன்றரை மாத நெல் என்று நினைத்து நாலு மாத நெல்லை விதைத்தவரின் வயலில், வாய்க்கால் மூடிய பிறகும் கதிர் பால் கட்டிக்கொண்டிருக்கும்.

திருகோணமலைப் பக்கம் புதிதாகத் தோட்டம், வயல், மூலிகைப் பாத்தி தொடங்குபவர்களுக்கு இந்த வழிகாட்டி. ஒரு செடியின் பொதுப்பெயரிலிருந்து தொடங்கி, தேவையான அளவுக்குச் சரியான பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எப்படித் தொலைக்காமல் வைத்திருப்பது என்பதே இதன் விடயம்.

முதலில்: எந்தப் படிவரை இறங்க வேண்டும்?

பாடசாலையில் படித்த வரிசை நினைவிருக்கும்: குடும்பம், அதற்குள் சாதி, அதற்குள் இனம். பயிர்களில் இனத்துக்குக் கீழே இன்னொரு படி உண்டு, அதுதான் வர்க்கம். வயலில் "என்ன இனம் விதைச்சீங்க?" என்று கேட்பதும் இந்த வர்க்கத்தைத்தான். குழப்பம் வராமலிருக்க, இங்கே இனம் என்றால் பாடநூலில் உள்ள இனம், வர்க்கம் என்றால் நெல்லில் பி.ஜி. 352, மாவில் கறுத்தக்கொழும்பான் போன்றவை.

ஒவ்வொரு படியும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும். அதனால் எல்லாச் செடிக்கும் அடிப்படிவரை இறங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பயிர்ச் சுழற்சிக்குக் குடும்பம் தெரிந்தால் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். பக்டீரியா வாடல் வந்த கத்தரிப் பாத்தியில் அடுத்த போகம் தக்காளி வைத்தால், மண்ணில் தங்கிய கிருமிக்குத் தீனி போட்டதாகும். அந்த இடத்தில் பயற்றையோ சோளமோ வரட்டும்.

ஒட்டுவதற்குப் பெரும்பாலும் சாதி முக்கியம். தோடையும் தேசியும் நாரத்தையும் ஒரே சாதி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும். தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டுவதும் இதனால்தான் முடிகிறது.

மருந்துக்கும், விதை எடுக்கும்போது எது எதோடு கலக்கும் என்று அறியவும் இனம் வேண்டும். வயது, உயரம், சுவை, நோய் தாங்கும் தன்மை, சந்தை விலை எல்லாவற்றுக்கும் வர்க்கம் வேண்டும்.

ஆகவே கொப்பியில் முதல் எழுத வேண்டியது "இந்தச் செடி எனக்கு எதற்கு?" என்பதுதான். வேலியோரம் ரசத்துக்குத் தூதுவளை வைப்பவர் இனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர் வர்க்கப் பெயர் தெரியாமல் ஒரு புசல் விதைநெல்லும் வாங்கக் கூடாது.

இரண்டாவது: பொதுப்பெயர் உறவைச் சொல்கிறதா, தோற்றத்தைச் சொல்கிறதா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. முன்னால் ஒரு அடைமொழி, பின்னால் ஒரு பொதுப்பெயர் என்று வந்தால், அதே செடியின் இன்னொரு வகை என்று எடுத்துக்கொள்கிறோம். சில பெயர்களில் அது உண்மை, சிலவற்றில் இல்லை.

நெல்லி, அரைநெல்லி, கீழ்க்காய்நெல்லி மூன்றையும் பாருங்கள். ஒன்று மரம், ஒன்று சிறுமரம், மற்றது மழைக்குப்பின் முற்றத்தில் முளைக்கும் ஒரு சாண் பூண்டு. ஆனால் மூன்றும் ஒரே சாதி. பெயர் வைத்தவர்கள் தோற்றத்தைத் தாண்டிப் பார்த்திருக்கிறார்கள்.

வேம்பில் கதை வேறு. வேம்பும் மலைவேம்பும் ஒரே குடும்பம், ஆனால் வேறு சாதி. கறிவேம்பு தேசி, தோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலவேம்பு இவை எதற்கும் சொந்தமில்லாத ஒரு பூண்டு, கசப்பினால் மட்டும் அந்தப் பெயர் வந்தது. நான்கு பெயர், மூன்று குடும்பம். வேம்புக்குச் சொன்ன பக்குவத்தை நிலவேம்புக்குச் செய்வதும், மலைவேம்பு இலையை வேப்பிலை என்று கட்டி விற்பதும் இந்த மயக்கத்தால் நடப்பவை.

பூசணியும் அப்படித்தான். நம் சந்தையில் பூசணி என்றால் உள்ளே மஞ்சளாக இருக்கும் கறிப்பூசணி. நீற்றுப்பூசணி அதன் வெள்ளை வகை அல்ல, சாதியே வேறு. பக்கத்தில் பக்கத்தில் நட்டாலும் இரண்டும் கலக்காது. தமிழ்நாட்டுக் காணொளியைப் பார்த்துச் செய்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அங்கே பலர் பூசணி என்று சொல்வது நம் நீற்றுப்பூசணியை. நம் பூசணி அங்கே பரங்கி, அல்லது மஞ்சள் பூசணி. கற்பூரவள்ளி என்று நாம் சளிக்குப் பறிக்கும் இலைச் செடியின் பெயரில் அங்கே ஒரு வாழையே இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பயற்றங்காய்க்கும் கௌபிக்கும் பெயரில் ஒற்றுமையே கிடையாது, ஆனால் இரண்டும் ஒரே இனம். ஒன்றைக் காய்க்காக நீட்டி வளர்த்தார்கள், மற்றதை விதைக்காக. கோவா, நோக்கோல், கோலிபிளவர் மூன்றும் ஒரே இனம்தான். ஆகவே ஒன்றில் புழு வந்தால் மற்றதையும் போய்ப் பார்க்க வேண்டும்.

திருகோணமலையில் இன்னொரு சிக்கல், சந்தை மூன்று மொழியில் நடக்கிறது. கிழக்கில் நாம் கொச்சிக்காய் என்றால் எந்த மிளகாயும்தான். சிங்களத்தில் 'கொச்சி' என்றால் வானம் பார்த்து நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு உறைப்பு மிளகாய், அது வேறு இனம். பச்சைமிளகாயும் கறிமிளகாயும் ஒரே இனத்தின் இரண்டு வகைகள். "கொச்சி விதை" என்று கேட்டு வாங்கியவருக்கு எது கிடைக்கும் என்பது விற்பவர் அந்தச் சொல்லை எந்த மொழியில் எடுத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. வாங்கும்போது தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொன்னாங்காணி என்றால் முகுணுவென்ன, வல்லாரை என்றால் கொட்டுகொல, பசளி என்றால் நிவிதி. இரண்டு பெயரும் ஒரே செடியில் வந்து நின்றால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது: செடியைப் பார்த்து இனத்தை உறுதிசெய்தல்

பெயரைக் கேட்ட பிறகு செடியைப் பார்க்க வேண்டும், இலையை மட்டும் பார்த்தால் போதாது. பார்க்க வேண்டியவை: இலை தண்டில் எதிரெதிரா, மாறிமாறியா, ஒரு காம்பில் தனி இலையா, சிற்றிலைகளா, தண்டு உருண்டையா, சதுரமா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன மணம், பூவில் எத்தனை இதழ்.

வேம்புகளை இப்படிப் பிரிக்கலாம். வேம்பின் இலைக்காம்பில் இருபக்கமும் சிற்றிலைகள் ஒரே வரிசையாக இருக்கும், விளிம்பு அரம்போல் வெட்டுப்பட்டு, அரிவாள்போல் சற்று வளைந்திருக்கும். மலைவேம்பில் காம்பு கிளைவிட்டு, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். கறிவேம்பைக் கசக்கினால் மூக்கே சொல்லிவிடும். நிலவேம்பின் தண்டு சதுரம், தனி இலைகள் எதிரெதிராக நிற்கும்.

மூலிகையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், பூவும் காயும் வரும்வரை பொறுப்பது நல்லது. கீழ்க்காய்நெல்லி என்று பிடுங்குவதில் ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் உண்டு. தண்டு சிவந்ததும் பச்சையானதும் பெரும்பாலும் ஒன்றல்ல. சந்தேகம் தீராவிட்டால் மாதிரி எடுத்து அறிந்தவரிடம் காட்டுங்கள்.

மாதிரி எடுக்கும் முறை: பூவோ காயோ உள்ள கிளையை ஒரு அடி நீளத்துக்கு வெட்டுங்கள். சிறு பூண்டு என்றால் வேரோடு. பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, ஓரிரு இலையை மட்டும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, மேலும் கீழும் பத்துத் தாள் வைத்துப் பலகையால் அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மார்கழி ஈரத்தில் ஒருநாள் விட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு கிழமை முதல் பத்து நாளில் காயும். பூவின் நிறம், செடியின் உயரம், எடுத்த இடம், திகதி நான்கையும் அன்றே எழுதி வையுங்கள். காய்ந்த பிறகு நிறம் மாறிவிடும், உயரம் தெரியாது.

காட்டுவதற்கு இடமில்லாமல் இல்லை. பயிர்ச் செடிக்கு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். மூலிகை என்றால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். எதிலும் தீராத செடிக்குப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது.

நான்காவது: எழுதியிருக்கும் பெயரை வாசித்தல்

விஞ்ஞானப் பெயர் இரண்டு சொல். முதற்சொல் சாதி, இரண்டாவது இனம். இந்த இரண்டு சொல் முறையைத் தாவரங்களுக்கு 1753இல் நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1747இல், இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் எழுதியவரும் அவர்தான். இங்கே வந்து பார்த்து எழுதவில்லை, போல் ஹேர்மன் என்பவர் இலங்கையில் சேகரித்த உலர்ந்த மாதிரிகளை வைத்தே எழுதினார். தாளில் ஒட்டிய மாதிரிக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டு சொல்லுக்குப் பின் என்ன வருகிறது என்பதில்தான் நம் அலுவல் இருக்கிறது. மூன்றாவதாக இன்னொரு இலத்தீன் சொல் வந்தால், அது அந்த இனத்துக்குள் ஒரு பெரும் பிரிவு. தென்னை முழுவதும் கொக்கொஸ் நுசிபெரா. அதற்குள் டிபிக்கா நெட்டை, நானா குட்டை, ஒரன்ரியாக்கா செவ்விளநீர். ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் வந்தால், அது மனிதர் தெரிந்தெடுத்துப் பேணும் பயிர் வர்க்கம்: 'விலாட்' என்பதுபோல. இரு பெயர்களுக்கு நடுவே பெருக்கல் குறி இருந்தால் கலப்பு. சாதிப் பெயருக்குப் பின் "எஸ்.பி." என்று மட்டும் நின்றால், எழுதியவருக்கே இனம் எது என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட அட்டையோடு வரும் மூலிகைக் கன்றை வாங்க வேண்டாம்.

ஐந்தாவது: வர்க்கப் பெயர்போல் நடிக்கும் சொற்கள்

"இது ஒட்டு", "இது ஹைபிரிட்", "இது திசு வளர்ப்பு" என்று விற்பவர் சொன்னால் வாங்குபவர் தலையாட்டிவிடுகிறார். இவை எதுவும் வர்க்கமல்ல, கன்றோ விதையோ உண்டாக்கிய முறை. ஒட்டு என்றால் எதை எதன்மேல் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். ஹைபிரிட் என்றால் அதற்கும் ஒரு பெயர் இருக்கும், பக்கற்றில் அச்சடித்திருக்கும். "தாய்லாந்துக் கொய்யா" என்பது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறதே தவிர எது என்று சொல்லவில்லை. "நாட்டுக் கத்தரி", "ஊர்த் தக்காளி" என்பவற்றுக்கு விற்பவர் விரும்பிய அர்த்தம். அதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தாய்ச்செடியையும் காயையும் நேரில் பார்த்துத் திருப்திப்பட்டால் வாங்கலாம்.

அரிசியில் இந்த மயக்கம் இன்னும் ஆழம். சம்பா, நாடு என்பவை அரிசி மணியின் அளவையும் வடிவத்தையும் வைத்துப் பிரித்த சந்தை வகுப்புகள். பச்சை, புழுங்கல் என்பவை ஆலையில் நடந்த வேலை. சிவப்பு, வெள்ளை தவிட்டின் நிறம். "சிவப்பு நாடு" என்று எழுதிய மூட்டைக்குள் எந்த நெல் வர்க்கமும் இருக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்டதும் இருக்கலாம். "அந்த அரிசி ருசியாக இருந்தது, அதே நெல்லை விதைக்கப் போகிறேன்" என்பவர் முதலில் நெல்லின் பெயரைத் தேட வேண்டும்.

ஆறாவது: பயிருக்குப் பயிர் என்ன கேட்பது

*நெல்.* இலங்கை நெல் வர்க்கங்களின் பெயரில் நிறையத் தகவல் அடங்கியிருக்கிறது, வாசிக்கப் பழகினால் போதும். முன்னெழுத்து எந்த நிலையத்தில் உருவானது என்பதைச் சொல்லும்: பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, பி.டபிள்யூ. என்றால் பொம்புவல. எண்ணின் தொடக்கம் வயதைச் சொல்லும். 25இல் தொடங்கினால் இரண்டரை மாதம் (பி.ஜி. 250), 30 என்றால் மூன்று மாதம் (பி.ஜி. 300), 35, 36 என்றால் மூன்றரை மாதம் (பி.ஜி. 352, ஏ.ரி. 362), 40 என்றால் நாலு மாதம் (பி.ஜி. 403). நடுவில் சிறுகோடு உள்ள பழைய எண்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பி.ஜி. 94-1 மூன்றரை மாத நெல். மணியைப் பார்த்தால் பி.ஜி. 352 வெள்ளை நாடு, ஏ.ரி. 362 சிவப்பு நாடு, பி.ஜி. 358 சம்பா, பி.ஜி. 360 கீரிச்சம்பா. கடலோர உவர் நிலத்துக்கு ஏ.ரி. 354 உவர் தாங்கும். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்களுக்குப் பெயரில் வயது இல்லை, விதை தருபவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

வர்க்கத்தைத் தெரிவுசெய்வது பின்னிருந்து எண்ணும் கணக்கு. போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் நிறுத்தும் திகதி அறிவிப்பார்கள். மூன்றரை மாத நெல்லுக்கு ஏறக்குறைய 105 நாள். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வயலை வடிக்கலாம் என்றால், விதைத்து 95 நாள்வரை தண்ணீர் வேண்டும். நிறுத்தும் திகதியிலிருந்து 95 நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாள் தாண்டிவிட்டால் மூன்று மாத நெல்லுக்கு மாறுங்கள். தம்பலகாமம் போன்ற பெரிய வெளிகளில் பக்கத்து வயல்காரர் போடும் வயதையே நீங்களும் போடுவது புத்தி. தனியாக முந்திக் கதிர்விட்டால் குருவி முழுவதும் உங்களிடம் வரும், பிந்தினால் மற்ற வயல்களின் பூச்சி உங்களிடம் வரும்.

விதைக்க ஏக்கருக்கு இரண்டு புசல் போதும். நெல் ஒரு புசல் சுமார் 21 கிலோ. முளைக்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்: எண்ணி 100 நெல், 24 மணிநேரம் ஊறல், பின் ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு மூன்று நாள். 85க்கு மேல் முளைத்தால் சரி. குறைந்தால் கூடுதலாக விதைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் விதையை மாற்றுங்கள்.

*மா.* ஒட்டுக்கன்றின் தண்டில் ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். சாய்வான தழும்பும் பட்டை நிறத்தில் சிறு வேறுபாடும் தெரியும். தழும்பு இல்லாவிட்டால் அது கொட்டைக் கன்று. மேலே உள்ளது நீங்கள் கேட்ட வர்க்கம், கீழே உள்ள வேர் வேறு. இதை மறந்தால் வரும் இழப்பு பெரிது. ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்ப்பதைக் கிள்ளாமல் விட்டால் அது மேலே உள்ளதை முந்திவிடும். கச்சான் காற்றும் ஆவணி வெயிலும் சேர்ந்து மேற்பகுதி கருகி, கீழிருந்து துளிர்த்ததைப் பார்த்து "தப்பிவிட்டது" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. தப்பியது வேர்க்கன்று, கறுத்தக்கொழும்பான் போய்விட்டது. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். சுற்றியிருக்கும் பொலித்தீன் நாடாவை ஒட்டு நன்றாகப் பிடித்ததும் வெட்டி எடுங்கள், விட்டால் தண்டை இறுக்கி ஒடித்துவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் நடுங்கள்.

*தென்னை.* நெட்டைத் தென்னை பெரும்பாலும் பிற மரத்து மகரந்தத்தால் காய்ப்பது, ஆகவே நல்ல தாய்மரத்துத் தேங்காய் என்றாலும் பிள்ளை தாயைப்போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. குட்டையும் செவ்விளநீரும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் குணம் மாறாமல் வரும். லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் சி.ஆர்.ஐ.சி. 60 நெட்டையும் நெட்டையும் கலந்தது, சி.ஆர்.ஐ.சி. 65 குட்டையும் நெட்டையும் கலந்தது. 65 நன்றாகக் காய்க்கிறதே என்று அதன் தேங்காயை முளைக்கவைத்தால் கிடைப்பது 65 அல்ல, கலவைக் கன்றுகள். ஒவ்வொரு முறையும் நாற்றுமேடையில் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

*வாழை.* விதையில்லாமல் பக்கக் கன்றால் பெருகுவதால் தாய் எதுவோ கன்றும் அதுதான். கேட்க வேண்டியது ஒன்றே: எந்தத் தாய்மரத்தடியிலிருந்து கிளப்பியது? முடிந்தால் குலையைப் பாருங்கள். கதலி, இதரை, கப்பல், மொந்தன், ஆனைவாழை என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் இடம் மாறும், பழம் மாறாது. கோழிக்கூடு வாடல் நோய்க்கு எளிதில் விழும். அந்த நோய் வந்த மண்ணில் திரும்ப அதையே வைக்க வேண்டாம். காற்றடிக்கும் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் உயர வர்க்கம் வைத்தால் முட்டுக்கொடுக்கத் தடியும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

*காய்கறி விதை.* பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்: பயிர்ப் பெயருக்குக் கீழே வர்க்கப் பெயர், தொகுதி இலக்கம், முளைதிறன் வீதம், காலாவதித் திகதி. கத்தரி என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். திருநெல்வேலி ஊதா என்றோ வேறு பெயரோ இருந்தால்தான் அடுத்த முறை அதையே தேட முடியும். "எஃப் 1" என்று இருந்தால் இரண்டு தெரிந்த பெற்றோரைக் கலந்த முதல் தலைமுறை. அதன் காயிலிருந்து விதை எடுத்தால் பெற்றோரின் குணங்கள் பிரிந்து, ஒரே பாத்தியில் பல விதமாக வரும். ரெட் லேடி பப்பாசிப் பழத்து விதையைப் போட்டு ஏமாறுவது இப்படித்தான்.

எஃப் 1 அல்லாத வர்க்கங்களில் விதை எடுக்கலாம். பயற்றை, கௌபி, தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், பெரிய கவலை இல்லை. மிளகாய் ஓரளவு கலக்கும். பூசணி தேனீயால் கலக்கும், பக்கத்து வீட்டுப் பூசணியும் உங்கள் விதைக்குள் வந்துவிடும். தடுக்க ஒரு வழி: மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும் (அடியில் குட்டிக் காய் இருக்கும்) இரண்டு ஆண் மொட்டையும் மாலையிலேயே நுனியில் நூலால் கட்டுங்கள். காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் நிற நூல் ஒன்று. அந்தக் காயை மட்டும் விதைக்கு விடுங்கள்.

ஏழாவது: பெயர் தொலையாமல் வைத்தல்

கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த பெயர், அட்டை அழிந்ததும் போய்விடும். மார்க்கர் பேனாவால் எழுதியது திருகோணமலை வெயிலுக்கு ஒரு போகம்கூட நிற்காது. உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்து அறும். நிற்பது இதுதான்: குளிர்பானத் தகரப் பேணியைக் கத்தரிக்கோலால் 2 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். பழைய பத்திரிகைமேல் வைத்து, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்துப் பள்ளமாகப் பதியும், அழியாது. ஓரங்கள் கையை வெட்டும், மடித்துவிடுங்கள். தொட்டிக்கு என்றால் யோகட் கோப்பைத் துண்டில் பென்சிலால் எழுதினாலும் போதும்.

கட்டுவதற்குச் செப்புக் கம்பி அல்லது நைலோன். தண்டைச் சுற்றி இறுக்க வேண்டாம், தண்டு பருக்கும்போது வெட்டும். பக்கக் கிளையில் இரண்டு விரல் நுழையும் தளர்வோடு மாட்டுங்கள். ஒட்டுமரத்தில் அட்டை ஒட்டுக்கு மேலே.

எழுதும் வரிசை ஒன்றாகவே இருக்கட்டும், பொதுப்பெயரிலிருந்து குறிப்பான பெயருக்கு: மா / விலாட் / ஒட்டு / வாங்கிய இடம் / 2025.10.20. தெரியாததை நிரப்ப வேண்டாம், "மா / ?" என்றே விடுங்கள். ஊகித்து எழுதிய வர்க்கப் பெயர் இரண்டு வருடத்தில் எல்லோர் வாயிலும் உண்மையாகிவிடும். காற்றுக்கு அட்டை பறந்தாலும் பார்க்க, கொப்பியில் ஒரு வரைபடம்: கிணறு, வாசல், வேலி மூன்றையும் குறித்து, மரங்களுக்கு இலக்கம்.

எட்டாவது: முதல் விளைச்சலில் சரிபார்த்தல்

பக்கற்றில் உள்ள பெயரும் நிலத்தில் உள்ள செடியும் ஒன்றுதானா என்று செடி மட்டுமே சொல்லும். நெல்லில் இரண்டு முறை வரம்பில் நடந்து பாருங்கள், பூக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு ஒரு கிழமை முன் மறுமுறை. முந்திக் கதிர்விட்டவை, கூட்டத்துக்கு மேலே தலைநீட்டுபவை, மணியில் மீசை உள்ளவை, தொட்டால் உதிர்பவை எல்லாம் வேறு வர்க்கமோ களைநெல்லோ. கதிரை மட்டும் கிள்ளினால் பக்கத் தூரிலிருந்து மறுபடி வரும், தூரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். விதைக்கு எடுப்பதென்றால் வரம்போரத்தில் இரண்டு மூன்று அடியை விட்டுவிட்டு நடுவில் இருந்து எடுங்கள், பக்கத்து வயல் நெல் அந்த ஓரத்தில்தான் கலந்திருக்கும். அறுப்பு இயந்திரம் முந்திய வயலின் நெல்லை வயிற்றில் வைத்துக்கொண்டே வரும். ஆகவே முதலில் கொட்டும் ஒன்றிரண்டு மூட்டையைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு வருவதை விதைக்குக் கட்டுங்கள். மூட்டைக்கு உள்ளே ஒரு அட்டை, வெளியே ஒரு அட்டை.